ஜாடை ஜெபம்

எங்கள் எஸ்டேட் சபையில் ஒருவரை நேருக்கு நேர் திட்டும் வழக்கம் இல்லை. அதற்குத்தான் ஜெபம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஏதாவது ஒரு வீட்டில் கூடுவோம். பாட்டு, வசனம், போதகரின் சின்னப் பிரசங்கம் எல்லாம் முடிந்ததும் சங்கிலி ஜெபம் தொடங்கும். பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடித்துக்கொண்டு வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். முக்காடு போட்டிருப்போம், கண்ணை மூடியிருப்போம், பேசுவது ஆண்டவரோடு. அதனால் யாரும் குறுக்கே வாய் திறக்க முடியாது. "ஆண்டவரே, பெரியவர்களை மதிக்காத பிள்ளைகளுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று மாமியார் ஜெபித்தால், "ஆண்டவரே, மருமகளையும் மகளாக நினைக்கிற மனசை எங்கள் வீடுகளுக்குத் தாரும்" என்று தன் முறை வரும்போது மருமகள் பதில் கொடுப்பாள். ஆமென் சொல்லிக் கண் திறந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே எல்லாருக்கும் பால் விடாத கட்டன்சாயா ஊற்றிக் கொடுப்பார்கள்.

நாங்கள் இதை ஜாடை ஜெபம் என்று சொல்வோம். இந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. தேயிலை ஃபாக்டரி ஆபீசில் வேலை பார்க்கிறவள், தடுமாறாமல் தமிழ் பேசுகிறவள் என்று கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு என்மேல் ஒரு மரியாதை. நான் ஜெபிக்க ஆரம்பித்தால் இருமல் சத்தம்கூட நின்றுவிடும். இன்றைக்கு யாருக்கு விழப்போகிறது என்று காத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் குரலை ஏற்றி இறக்குவேன்.

சபைமேல் எனக்குக் குறை ஒன்றா இரண்டா? கோயில் கூரை ஒழுகிக்கொண்டிருக்க, காது கிழிகிற மாதிரி புது மைக் செட் வாங்கினார்கள். மலையாள ஆராதனை முடியத் தாமதமானால் தமிழ்க்காரர்கள் மழையில் நிற்க வேண்டும். கமிட்டித் தேர்தல் வந்தால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் பெஞ்சு மாறி உட்கார்ந்துகொள்வார்கள். இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. எனக்குப் பொறுக்காமல் போனது போதகர் விஷயம். சமவெளியிலிருந்து எங்கள் மலைக்கு வந்த நாளிலிருந்தே அவருக்கு இங்கே கால் தரிக்கவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகளுக்கு நல்ல ஸ்கூல் இல்லை என்று மாற்றல் கேட்டு மேலிடத்துப் பெரியவர்களைப் பார்க்க அடிக்கடி மலை இறங்கிவிடுவார். எங்கள் லயத்தில் ஒரு பெரியவர் இறந்தபோது அவர் ஊரில் இல்லை. போதகருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார்தான் நடுங்குகிற குரலில் அடக்க ஆராதனையை நடத்தி முடித்தார். அன்றைக்கு எனக்குள் மூண்ட கோபம் அடங்கவே இல்லை.

"அவர்மேல கோபம்னா அவர்ட்டயே போய்க் கேக்க வேண்டியதுதான? எதுக்குப் பாத்திரத்தப் போட்டு உருட்டுற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் எதுக்குக் கேக்கணும்? கேக்க வேண்டியவர் கேப்பாரு."

"கேக்க வேண்டியவருக்கு நீதான் எடுத்துக் குடுக்கப் போற, அதான?" என்று சிரித்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் ஏற்கெனவே மனசுக்குள் வாக்கியங்களைக் கோர்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கூட்டம் கொழுந்து பறிக்கிற ஒருத்தியின் வீட்டில் நடந்தது. புருஷன் இல்லாதவள், ஒரே மகள். அந்த மகளை வாளையார்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் போனபோது மகள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "எப்பம்மா வந்த?" என்றேன். "ரெண்டு நாளாச்சு பெரியம்மா" என்று சொல்லிச் சிரித்தாள். விருந்தாளியாக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அம்மா ஜெப விண்ணப்பமாக "குடும்பத்துக்காக" என்று மட்டும் சொன்னாள். எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு வேறு எதிலும் கவனம் இல்லை. எனக்கு எதிரே, கம்பளியைச் சுற்றிக்கொண்டு போதகர் உட்கார்ந்திருந்தார்.

என் முறை வந்தது. அந்த ஜெபம் எனக்கு இப்போதும் ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "ஆண்டவரே, நீர் வைத்த இடத்தில் நிலைத்து நிற்கப் பொறுமை இல்லாமல், கஷ்டம் கஷ்டம் என்று சொல்லி விட்டுவிட்டு ஓடுகிறவர்களைப் பாரும். உமக்கு முன்பாகவும் சபைக்கு முன்பாகவும் வாக்குக் கொடுத்தவர்கள் அதைக் காப்பாற்றட்டும். ஓடுகிற கால்களைத் திருப்பும். இருக்க வேண்டிய இடத்துக்கே திருப்பி அனுப்பும்."

சுற்றிலும் ஸ்தோத்திரம் என்று முனகினார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் போதகர். எருமைத்தோல் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு உறைக்கவில்லையே என்ற எரிச்சலோடுதான் அன்றைக்குச் சாயா குடித்தேன். மகள் டம்ளர்த் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நிமிராமல் உள்ளே போனாள். அடுக்களையில் வேலை இருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது.

"அக்கா, அன்னைக்கு உங்க வாயால கர்த்தர் எங்கிட்டப் பேசிட்டாருக்கா. மறுநாளே காலைல மொத பஸ்ஸுக்குப் பிள்ளைய அனுப்பி வச்சுட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். மகள் விருந்துக்கு வரவில்லை. இனி அங்கே போகமாட்டேன் என்று பையோடு வந்திருந்தாள். மாப்பிள்ளை அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. ஆனால் வேலைக்குப் போகும்போது இவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பகல் ஷிப்ட் என்றால் பகல், ராத்திரி ஷிப்ட் என்றால் ராத்திரி.

"வச்சுக்கவா, அனுப்பவான்னு ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்லக்கா. அன்னைக்குக் கொழுந்து எடுத்துட்டே கேட்டுட்டு இருந்தேன், ஆண்டவரே இன்னைக்கு ஜெபத்துல யார் வாயாலயாவது ஒரு வார்த்த சொல்லும்னு. நீங்க சொல்லிட்டீக. ஓடுற கால்களத் திருப்பும்னு சொன்னீகள்ல, எனக்கு மயிரெல்லாம் சிலுத்துப் போச்சு."

அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். "அது உன் மகளுக்குச் சொன்னது இல்லத்தா. சத்தியமா இல்ல. ஐயாவ மனசுல வச்சுட்டு ஜெபிச்சேன். அவர் டிரான்ஸ்ஃபர் கேட்டு அலையிறாருல்ல, அந்தக் கோபத்துல சொன்னது. உன் பிள்ள விஷயமே எனக்குத் தெரியாது."

அவள் முகம் மலர்ந்தது. "அதாங்க்கா! உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே சரியா சொன்னீகள்ல? தெரிஞ்சு சொல்லியிருந்தா மனுச வார்த்தன்னு நெனச்சிருப்பேன்."

பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள் என்று கெஞ்சினேன். நீங்க மனசு இளகிப் பேசுறீக, அன்னைக்குப் பேசினது நீங்க இல்ல என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டாள். என் பேச்சுக்கு அவளிடம் மதிப்பு இருந்தது. நான் பேசவில்லை என்று அவள் நம்பிய பேச்சுக்கு அதைவிட மதிப்பு இருந்தது.

அடுத்து போதகரிடம் போனேன். அவர் சொன்னால் அவள் கேட்பாள் என்று ஒரு நம்பிக்கை. எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபம் அவருக்காக என்பதையும் சொன்னேன்.

"எனக்கா? நான் அந்தப் பிள்ளைக்குன்னுதான் நெனச்சேன்மா. அது கோவிச்சுட்டு வந்த விஷயம் எனக்குத் தெரியும். அதான் ஆமென் சொன்னேன்."

"அப்ப நீங்களே அவகிட்டச் சொல்லுங்கய்யா. அது அவளுக்கு வந்த வார்த்த இல்லன்னு சொல்லுங்க."

"எப்படிம்மா சொல்றது? சபையில ஒருத்தர் ஜெபிச்சத, ஆமென் சொன்ன நானே தப்புன்னு சொன்னா நாளைக்கு யார் ஜெபத்த யார் நம்புவாங்க?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "அது இருக்கட்டும். என்மேல வருத்தம்னா நீங்க எங்கிட்டயே கேட்டிருக்கலாமே? என் வீடு இங்கனதான இருக்கு?"

அவர்மேல் எனக்கு எப்போதும் இல்லாத கோபம் வந்தது. காரணம், அவர் கேட்டது சரி. தப்பான ஆள் வாயிலிருந்து சரியான கேள்வி வந்தால் அதைத் தாங்குவது கஷ்டம். அந்தப் பெரியவரின் அடக்கத்துக்கு வராதவர் என்னைக் கேட்கலாமா என்று வீடு வரைக்கும் பொருமிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், இப்போதும் நான் அவரைப் பற்றித்தான் யோசிக்கிறேன், அந்தப் பெண்ணைப் பற்றி இல்லை என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அவள் விலாசத்தை விசாரித்துக்கொண்டு, லீவு சொல்லிவிட்டு வாளையாருக்குக் கிளம்பினேன். மறையூர், சின்னாறு வழியாக உடுமலை போய், பொள்ளாச்சியில் பாலக்காட்டு பஸ் பிடித்தேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ் நின்ற நேரத்தில் அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். மன்னித்துக்கொள் என்பதைத் தவிர எதுவும் வரவில்லை. பாலக்காட்டில் பஸ் மாறி வாளையாரில் இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் வரிசையாக ஓட்டு வீடுகள். லாரிச் சத்தம் அங்கேயும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, யாரைப் பாக்கோணும்? அந்தூட்டுக்காரரு வேலைக்குப் போயிட்டாருங்க. சாவி அவருகிட்டத்தானுங்க இருக்குது. ஜன்னல்ல கூப்புடுங்க, அந்தப் புள்ள வரும்."

ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். பால்காரர், கேஸ் சிலிண்டர்க்காரர் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்புவார்போல.

ஜன்னலில் கூப்பிட்டேன். வந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இருங்க பெரியம்மா, காப்பி போடுறேன்" என்று உள்ளே ஓடினாள். வேண்டாம் என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. டம்ளர் கம்பிக்குள் நுழையவில்லை. சின்னக் கிண்ணம் ஒன்றைத் தேடி எடுத்து, அதில் ஊற்றி, சாய்த்து, எப்படியோ வெளியே நீட்டினாள். பாதி என் புடவையில் கொட்டியது. நான் சந்தில் நின்றபடி குடித்தேன். அந்தச் சந்தில் போகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

குடித்து முடித்துச் சொன்னேன். ஜெபம் யாருக்காக, எந்தக் கோபத்தில் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். திட்டுவாள், ஜன்னலைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்தேன். சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப கர்த்தர் சொல்லலயா பெரியம்மா?"

"இல்லம்மா. நான் சொன்னது."

அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. "நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? சாமியே என்னய இங்க போன்னு சொல்லிட்டாரேன்னு."

எங்கள் வீட்டுக்கு வந்து இருந்துகொள் என்றேன். பெண்களுக்கான போலீஸ் பிரிவு, வனிதா செல்லில் போய்ச் சொல்லலாம், நான் கூட வருகிறேன் என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"கேஸ் எல்லாம் வேண்டாம் பெரியம்மா. வெளிய வர எனக்குத் தெரியும். முன்னயும் அவர் வீட்டுல இருக்கிற நேரம் பாத்துக் கடைக்குன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். வந்தா எங்க போறது? உங்க வீட்டுல இருந்தா, பக்கத்து லயத்துல எங்கம்மா என்னயப் பாத்தும் பாக்காத மாதிரி போகும். என்னால அதத் தாங்க முடியாது. அம்மா வான்னு சொல்லணும். அது ஒண்ணு போதும். நீங்க எல்லார் முன்னயும் சொல்லிருங்க. எல்லார் முன்னயும் சொன்னா அம்மா நம்பும்."

சொல்கிறேன் என்று கம்பிக்குள் கையை விட்டு அவள் கன்னத்தைத் தொட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் வேறொரு வீட்டில். போதகருக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. அவருக்கு அதுதான் எங்களோடு கடைசிக் கூட்டம் என்பதால் வழக்கத்தைவிட அதிகப் பேர் வந்திருந்தார்கள். அவள் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லக்கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். சங்கிலி ஜெபத்துக்கு முன்பே எழுந்து, "ஐயா, எனக்கு ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

"சாட்சியாம்மா? சொல்லுங்க" என்றார்.

ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் சொல்வதுதான் எங்களுக்குச் சாட்சி; இது சாட்சி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் எல்லாரும் பாயில் நகர்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். நான் தொடங்கினேன். அன்றைக்கு நான் ஜெபிக்கவில்லை, ஜாடை பேசினேன் என்றேன். ஐயாமேல் இருந்த வெறுப்பில், ஆண்டவர் பேரைச் சொல்லி அவரைத் திட்டினேன் என்றேன். யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள். நான் அவள் அம்மாவை நேராகப் பார்த்து, அதில் ஆண்டவருடைய வார்த்தை ஒன்றுகூட இல்லை, எல்லாம் என் திமிர் என்றேன். "அல்லேலூயா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது வந்திருக்கக்கூடாது. நான் அழுததும் பாயில் இருந்த பெண்கள் எல்லாரும் அழ ஆரம்பித்தார்கள்.

போதகர் எழுந்து வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. "என்மேல இருந்த மனக்குறைய அம்மா சபைக்கு முன்னால அறிக்கை செஞ்சுட்டாங்க. நானும் இந்தச் சபைக்குச் செய்ய வேண்டியதச் செய்யல. நாங்க ஒருத்தர ஒருத்தர் மன்னிச்சுட்டோம். தாழ்மைன்னா இதுதான். நம்ம எல்லாருக்கும் இந்தத் தாழ்மை வேணும்" என்றார். கை தட்டினார்கள். நான் மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் கைதட்டல் ஒரு நொடி எனக்கு இதமாக இருந்தது. என்னைப் பற்றி எனக்கே பயமாக இருப்பது அந்த ஒரு நொடியை நினைத்துத்தான்.

"ஐயா, அந்தப் பிள்ள வாளையார்ல..." என்று ஆரம்பித்தேன். உபதேசியார் பாட்டை எடுத்துவிட்டார். கஞ்சிரா சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் எல்லாரும் என்னிடம் வந்தார்கள். பெண்கள் ஐக்கியத்துக்கு நீங்கதான் தலைவியா வரணும் என்று ஒருத்தி சொன்னாள். அவர்களை விலக்கிக்கொண்டு அவள் அம்மாவிடம் போனேன். அவளே எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"இப்பவாவது நம்புறியாத்தா? பிள்ளையக் கூப்புடு."

"அக்கா, நீங்க எம்மாம் பெரிய ஆளு. ஆபீஸ்ல இருக்கிறவுக. எங்க எல்லார் முன்னயும் இப்படித் தாழ்ந்து போனீகளே. இந்த மாதிரி மனசு உள்ளவுக வாயிலதான் கர்த்தர் பேசுவாரு. எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சுக்கா. பிள்ளைய அனுப்பினது சரியா தப்பான்னு. இன்னைக்கு அதுவும் போயிருச்சு."

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். இல்லை, இல்லை என்றேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து, மகளைக் கூப்பிட்டு, மணி அடிக்கும்போதே என் கையில் கொடுத்தாள். "நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. உங்க குரலக் கேட்டா அவ தைரியமா இருப்பா."

மகள் உடனே எடுத்துவிட்டாள். போனைக் கையிலேயே வைத்திருந்தாள்போல. "நான் பெரியம்மா பேசுறேன்" என்றேன்.

"பெரியம்மா? சொல்லிட்டீங்களா? எல்லார் முன்னயும் சொன்னீங்களா?"

"சொன்னேம்மா."

"அம்மா என்ன சொன்னாங்க? நான் துணி எடுத்து வைக்கட்டுமா?"

அவள் அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரே நின்றாள். நான் வாயைத் திறந்தேன். "கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா" என்று சொன்னேன். அவள் அம்மா சந்தோஷமாகத் தலையை ஆட்டினாள்.